பார்வையிட்ட இடம்

பொழுது வெளுப்பதற்குள் பெரியவர் துணிக்கொடிகளை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டியிருந்த நைலான் கயிறுகள் பனியில் நனைந்து விறைத்திருந்தன. முடிச்சுகளை நகத்தால் நெம்பி, கயிற்றை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே சுற்றிச் சுருளாக்கித் தோளில் போட்டுக்கொண்டே நடந்தார். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை முதல் நாள் மாலையே ஈரத்தோடு எடுத்துக் கொட்டகைக்குள் குவிக்கச் சொல்லியிருந்தார். அவை சலவை இயந்திரத்தின் மேலும் தேய்ப்பு மேசையின் மேலும் கிடந்து புளித்த வாடை வீசின.

மருமகள் கொட்டகை வாசலில் வாளியோடு நின்றாள்.

"மாமா, கயிறையுமா எடுக்கணும்? துணியத்தான் எடுத்தாச்சே."

"எல்லாத்தையும்தான்."

"அப்புறம் வர்றவங்க என்னத்தப் பாப்பாங்க?"

"சுத்தத்தப் பாப்பாங்க. நீ தண்ணியத் தெளிம்மா. புழுதி அடங்கட்டும்."

அவள் தெளித்தாள். மகன் சுமை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, அப்பாவின் கண்ணசைவைப் பார்த்ததும் கம்பங்களைக் குழியிலிருந்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான். குழிகளில் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துச் சமன் செய்தான்.

"மைதானத்துக்கு முகச்சவரம் பண்ணி, பொண்ணு பாக்க உக்கார வெச்ச மாதிரி ஆக்கிட்டாரு உன் மாமனாரு" என்று மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

மைதானம் நகராட்சிக்குச் சொந்தம். பெரியவரின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் அதில் துணி காயப்போட்டு வந்தார்கள். ஆண்டுக்கொருமுறை அதற்கென்று ஒரு சிறு தொகை கட்டிவந்ததும் உண்டு. நடுவில் வந்த ஓர் அதிகாரி அதை வாங்க வேண்டியதில்லை என்று நிறுத்திவிட்டார். இப்போது மனை வியாபாரி ஒருவர் அந்த இடத்தை நீண்ட குத்தகைக்கு எடுத்துக் கடைகள் கட்ட விண்ணப்பித்திருந்தார். நகராட்சிச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். பெரியவர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட எழுத்தர் நல்ல மனிதர். விதியை விளக்கிச் சொன்னார்.

"நிலம் பயன்பாட்டுல இருந்தா, உங்களுக்கு வேற இடம் குடுத்துட்டுத்தான் அவருக்குக் குடுக்க முடியும் பெரியவரே. காலி நிலம்னா அந்தப் பேச்சே இல்ல. நேர்ல வந்து பாத்துட்டு எழுதுவாங்க. அதுலதான் எல்லாம் இருக்கு."

இதைப் பெரியவர் காதில் வாங்கிக்கொண்டார். ஆனால் சில நாள் கழித்து எழுத்தர் படித்துக் காட்டியதுதான் உள்ளே இறங்கியது. ஆட்சேபணைக்கு வியாபாரி தந்திருந்த பதிலில், சலவைக்காரர்கள் அழுக்கு நீரைத் தேக்கி, துர்நாற்றம் பரப்பி, அந்த வட்டாரத்துக்கே சுகாதாரக் கேடாக இருக்கிறார்கள் என்று இருந்தது.

"சுகாதாரக் கேடா?" என்றார் பெரியவர்.

"எழுதறது எழுதுவாங்க. விடுங்க."

அவர் விடவில்லை. ஊர் அழுக்கை வெளுத்துக் கொடுக்கிற குடும்பத்தை ஒருவன் அழுக்கு என்று எழுதியிருக்கிறான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொடாமல் எழுந்தார். வடிகாலைத் தானே இறங்கித் தூர் வாரினார். தொட்டியின் பாசியைக் கம்பித் தேய்ப்பானால் சுரண்டினார். பார்வையிட வரும் நாள் தெரிந்ததும் கொடிகளையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். அதற்கு இன்னொரு காரணமும் வைத்திருந்தார்.

"நாலு வீட்டு உள்பாவாடையும் பனியனும் தொங்கிக்கிட்டு இருக்க, ஆபீஸ்காரன் நடுவுல பூந்து நடக்கணுமா? ஒரு வீட்டுத் துணிய இன்னொரு வீட்டுக்காரன் கண்ணுல காட்டாமத் தொழில் பண்ணியிருக்கோம்."

அதனால்தான் சாலையோரக் கொடியில் எப்போதும் விடுதி விரிப்புகள் தொங்கும். வீட்டுத் துணிகள் உள்வரிசையில் காயும். வாடிக்கையாளர் யாராவது வந்தால் கொட்டகை வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்புவார்கள்.

வெயில் ஏறிய பிறகு நகராட்சி ஜீப் வந்தது. பின்னாலேயே வியாபாரியின் கார். பெரியவர் கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டையோடு நடுவில் நின்றார். நகரமைப்பு ஆய்வாளர் இளம் வயதுக்காரர். செருப்பில் ஈரமண் ஒட்டாமல் ஓரமாகவே நடந்து, கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்தார்.

"இங்க என்ன பண்றீங்க பெரியவரே?"

"துணி காயப்போடுறோங்க."

"எங்க?"

"இங்கதான். இது முழுக்க."

ஆய்வாளர் மைதானத்தைப் பார்த்தார். பெருக்கிய துடைப்பத்தின் கோடுகள் ஈரமண்ணில் வரிவரியாகத் தெரிந்தன. ஒரு நூல் கூட இல்லை.

"இப்ப ஒண்ணும் காணோமே."

"நீங்க வர்றீங்கன்னு சுத்தம் பண்ணி வெச்சிருக்கோம். தண்ணி எங்கயாவது தேங்கியிருக்கா பாருங்க. நாத்தம் அடிக்குதா பாருங்க."

"இல்ல, இல்ல. ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க."

பெரியவர் வியாபாரியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வியாபாரி கைகூப்பினார். "நானே அசந்துட்டேன் ஐயா. தெரியாம எழுதிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். மிகவும் மரியாதையாக இருந்தது.

மருமகள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். "சார், கொஞ்சம் கொட்டகைக்குள்ள வந்து பாருங்க. காய வேண்டிய துணி மலையாக் கெடக்கு. தினம் இங்கதான் போடுவோம். இன்னைக்கு ஒருநாள்தான்..."

"அது உங்க கட்டடம்மா. எனக்கு நிலத்தத்தான் பாக்கச் சொல்லியிருக்காங்க."

"கயிறு கட்டறேன் சார், இருங்க. அரைமணி நேரத்துல எல்லாத்தையும் தொங்க விட்டுடறேன்."

"உள்ள போம்மா" என்றார் பெரியவர். "வந்த மனுசங்கள நிக்க வெச்சுக்கிட்டு."

ஜீப் போய்விட்டது. மகன் கம்பங்களைத் திரும்ப நட மண்வெட்டியை எடுத்தான். மருமகள் அசையாமல் நின்றாள்.

"மாமா, அவரு படம் புடிச்சாரே, அதுல என்ன இருக்கும்?"

பெரியவர் கயிற்றுச் சுருளைப் பிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கை நின்றது. பிறகு மறுபடியும் பிரித்தது.

அடுத்த வாரம் முழுவதும் மகன் விடுதி விடுதியாக ஏறி இறங்கினான். எங்கள் விரிப்புகள் அங்கேதான் காய்கின்றன என்று ஒருவராவது எழுதிக் கொடுத்தால் போதும். மேலாளர்கள் உட்காரச் சொன்னார்கள், விசாரித்தார்கள். கையெழுத்து என்றதும் முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். மனை வியாபாரியைப் பகைத்துக்கொள்ள எவருக்கும் துணிச்சல் இல்லை.

"வீடுகள்ல கேக்கட்டுமா அப்பா?"

"எங்க அழுக்க இவங்கதான் வெளுக்கிறாங்கன்னு எவன் எழுதிக் குடுப்பான்? அதக் கேக்கறதே கேவலம்."

நகராட்சிக் கூட்ட அறையில் மின்விசிறிகள் ஓடியும் காற்றில்லை. உறுப்பினர்கள் நீள மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். பொதுமக்களுக்குச் சுவரோரம் நாற்காலிகள். பெரியவரும் மருமகளும் அங்கே உட்கார்ந்தார்கள். மகன் சுமை எடுக்கப் போயிருந்தான். தெருவிளக்கு, குப்பை வண்டி, ஒரு மாடிப்படி பற்றிய தகராறு என ஒவ்வொன்றாக முடிந்து அவர்களுடையது வந்தது. ஆய்வாளர் எழுந்து தன் அறிக்கையைப் படித்தார்.

"நேரில் பார்வையிட்டதில், மேற்படி நிலம் மிகவும் சுத்தமாகவும்..."

பெரியவரின் தலை நிமிர்ந்தது.

"...காலியாகவும், எவ்விதப் பயன்பாட்டிலும் இன்றியும் காணப்பட்டது. புகைப்படங்கள் இணைக்கப்பட்டுள்ளன."

படங்கள் கைமாறிக்கொண்டே போயின. ஒரு உறுப்பினர் பக்கத்தில் இருந்தவரிடம், "பந்து விளையாடலாம் போலிருக்கே" என்றார்.

நகராட்சித் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு முன்பு அவருடைய அப்பா நெடுங்காலம் அதே நாற்காலியில் இருந்தவர். "ஆட்சேபணை குடுத்தவர் வந்திருக்காரா?"

பெரியவர் எழுந்தார். "துணி அங்கதாங்க காயுது. ஐயா வர்ற அன்னைக்கு மரியாதைக்கு எடுத்து வெச்சோம்."

"இல்லேன்னு சொல்லல பெரியவரே. ஆனா அறிக்கை இப்படி இருக்கு. யாரோட துணி காயுதுன்னு நாலு பேரச் சொல்லுங்க. அவங்களக் கேட்டு எழுதிக்கிறோம்."

"அது சொல்ற வழக்கம் இல்லீங்க."

"சாட்சிக்கு அந்தச் சட்டையவே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்க" என்றார் பந்து விளையாட்டுக்காரர். மேசையைச் சுற்றிச் சிரிப்பு ஓடியது.

"ஒரே ஒரு வீடு சொன்னாக் கூடப் போதும்" என்றார் தலைவர்.

மருமகள் எழுந்துவிட்டாள்.

"ஐயா, உங்க வீட்டு மூட்டையும் தினம் அங்கதான் காயுது."

சிரிப்பு நின்றது. மருமகள் மூட்டை எடுக்க அந்த வீட்டின் பின்வாசலுக்கு முதல் தடவை போனபோதே தலைவரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள், வெளியே தெரிய வேண்டாம் என்று. ஊரை ஆண்ட பெரியய்யா, தலைவரின் அப்பா, வெளியூரில் பெரிய மகளோடு ஓய்வாக இருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அவர் அதே வீட்டின் பின்கட்டு அறையில் ரப்பர் விரிப்பின் மேல் கிடந்தார். இரவுக்குள் எல்லாவற்றையும் நனைத்துவிடுவார். காலையில் கறுப்புத் துணியில் முடிச்சிட்ட மூட்டை வரும். தலைவரின் வேட்டி சட்டைகள் மட்டும் நகரத்தின் பெரிய சலவைக் கடைக்குப் போயின.

"எங்க வீட்டு மூட்டையா?" என்றார் தலைவர். "எங்க வீட்டுல மெஷின் இருக்கேம்மா. என்ன மூட்டை?"

கேட்டது அவளை. பார்த்தது பெரியவரை. கண்ணாடி இல்லாத அந்தக் கண்களில் அதிகாரம் இல்லை. யாரோ வாசல்கதவைத் தள்ளுவதைக் கேட்டவனின் திகில்தான் இருந்தது.

மருமகளின் உதடு அசைந்தது. இன்னும் ஒரு வார்த்தை போதும்.

"உக்காரும்மா" என்றார் பெரியவர். அவள் உட்காரவில்லை. அவர் மேசைப் பக்கம் திரும்பினார். "அவளுக்கு எது எந்த வீட்டு மூட்டைன்னு இன்னும் பிடிபடலீங்க. வேற வீட்ட நெனச்சுக்கிட்டுப் பேசிட்டா. மன்னிக்கணும்."

மருமகள் அவரைப் பார்த்தாள். சலவைச் சோடாவில் தோலுரிந்து சிவந்த விரல்களை மடக்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"காலி இடத்துல துணிங்கறாங்க, இல்லாத மூட்டைய இருக்குங்கறாங்க. எத நம்பறது?" என்றார் ஒரு உறுப்பினர். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தீர்மானம் நிறைவேறியது" என்றார். கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

படியிறங்கும்போது அவள் முன்னால் போய்ச் சட்டென்று நின்றாள்.

"நான் பொய்யா மாமா சொன்னேன்?"

"இல்ல."

"அத்தன பேருக்கு முன்னால என்னப் பொய்க்காரியாக்கிட்டீங்க."

"படுத்துக் கெடக்கிற மனுசன் மானம்மா அது. அத எடுத்துச் சபையில விரிச்சுட்டு வந்தா, நாளைக்கு எந்த வீட்டுப் படி நம்மள ஏத்தும்?"

"என் மானம்?"

பெரியவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ நம்ம வீட்டுப் பொண்ணு" என்றார் கடைசியில்.

"அதனால?"

அவள் காத்திருந்தாள். பிறகு அவருக்காக நிற்காமல் சாலையைக் கடந்து போனாள். அன்று முதல் சாப்பாடு எடுத்து வைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், பேசவில்லை. மகன் நடுவில் புகுந்து இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

குத்தகை ஆணை வந்ததும் கம்பங்களை எடுக்கச் சொல்லி ஆள் வந்தான். விரிப்புகளைக் கொட்டகைக் கூரையின் தகரத்தில் போட்டார்கள். துருக்கறை பிடித்தது. ஒரு விடுதி கணக்கை முடித்துக்கொண்டது. மற்றொன்று யோசிப்பதாகச் சொன்னது. மகன் வண்டியை விற்பதைப் பற்றித் தொலைபேசியில் யாரிடமோ விசாரித்ததைப் பெரியவர் கேட்டும் கேட்காதவர்போல இருந்தார்.

ஒரு காலை நில அளவையாளர் தனியாக வந்தார். உதவிக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை. அளவு நாடாவின் நுனியை ஒரு கல்லில் செருகிவிட்டு நடந்தார். நாடா கழன்று சுருண்டது. மறுபடி செருகினார். மறுபடி கழன்றது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். கொட்டகை நிழலில் நின்ற பெரியவர் கண்ணில் பட்டார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த முனைய மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்குவீங்களா? வெயிலுக்கு முன்னாடி முடிச்சுட்டா நல்லாயிருக்கும்."

கொட்டகைக்குள்ளிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். பெரியவர் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினார். நாடாவின் நுனியை வாங்கி, கட்டைவிரலால் அழுத்தி, குதிகாலை ஊன்றி நின்றார்.

அளவையாளர் மைதானத்தின் மறுகோடி வரை நடந்தார். நாடா எங்கும் தொய்யவில்லை. "அப்படித்தான் ஐயா, ஆடாம நில்லுங்க" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். பிறகு தகர டப்பாவைச் சாய்த்து, சுண்ணாம்புத் தூளை நாடாவின் ஓரமாகவே தூவிக்கொண்டு திரும்பி வந்தார். வெள்ளைக்கோடு நேராக நீண்டு பெரியவரின் கால் விரல்களுக்கு முன்னால் வந்து நின்றது.

"கொஞ்சம் பின்னாடி தள்ளி நில்லுங்க. நீங்க நிக்கறது கோட்டுக்கு உள்பக்கம்."

பெரியவர் நாடாவைத் தளரவிடாமல் ஓரடி பின்னால் வைத்தார்.