மாருதி கோவிலைத் தாண்டி எண்பது மீட்டர்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை 7.52 மணிக்கு, புனேக்குக் கிழக்கே சோலாப்பூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிளப்பின் புல் ஓடுபாதையில் இரண்டு இருக்கை விமானம் ஒன்று இறங்கியது. எண்பது மீட்டர் நேராக ஓடியது. பிறகு இடப்பக்கம் அரை வட்டம் அடித்து, வந்த திசையைப் பார்த்தபடி பக்கத்து வெங்காய வயலில் நின்றது.

உள்ளே தனியாக இருந்தவள் சுப்ரஜா. கோயம்புத்தூர்க்காரி. வீடு சாங்வியில், சாப்ட்வேர் வேலை ஹடப்சரில். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள். உடம்பில் கீறல் இல்லை. விமானத்தின் வலது இறக்கை நுனி மட்டும் யாரோ காதைத் திருகியதுபோல மடங்கியிருந்தது.

அந்த விமானத்துக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கடியில் ஒரு பொடிச் சக்கரம். பாரமெல்லாம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் ஓடும்போது வால் கொஞ்சம் கோணினாலும் போதும், மூக்கை முந்தப் பார்க்கும். அதனால் ஓட்டுபவர் வலது கையால் ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துப் பிடித்து வாலைத் தரையில் அமுக்க வேண்டும். இரண்டு கால்களும் பெடல்களை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். முழுதாக நிற்கும்வரை விடக்கூடாது. இதை அவளுக்கு நாற்பது மணி நேரம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

தனியாக மூன்று முறை இறங்கிக் காட்டினால் பயிற்சியாளர் கையெழுத்துப் போடுவார். அதன்பின் ஞாயிறுதோறும் விமானத்தை அவளே எடுத்துப் போகலாம். இரண்டு வருஷமாக அந்தக் கையெழுத்துக்காகத்தான் விடியலில் எழுந்து வந்தாள். அன்று முதல் இரண்டு இறக்கமும் தேறிவிட்டன. இது மூன்றாவது.

பயிற்சியாளர் தேஜஸ் நிம்பால்கர், விமானப்படையில் ஓய்வு பெற்றவர், பைனாகுலரோடு ஜீப்பில் வந்து சேர்ந்தார். மடங்கிய இறக்கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அரே மேடம், இறங்கினது ஏ-ஒன். அப்புறம் ஏன் உங்களையே அறைஞ்சுக்கிட்டீங்க?" என்று இந்தியில் கேட்டார். "பார்த்தேன். ரெண்டு தடவை. பளார் பளார்."

"கொசு சார்."

"எழுபது கிலோமீட்டர் வேகத்துல கொசுவா?"

"தேனீயா இருக்கலாம்."

தேஜஸ் வெங்காயத்தாள்களுக்கு மேலே தேனீயைத் தேடினார். காணோம். "பாருங்க, ஒரு பூச்சிக்காக ஸ்டிக்கை விட்டீங்கன்னா தப்பு உங்களுது. பத்து மணி நேரம் மறுபடி என்னோட பறக்கணும், மூணு இறக்கமும் ஒண்ணுல இருந்து. அதில்லாம, வால் சக்கரம் இறுகிப்போய் இழுத்திருந்தா அது மெக்கானிக் தப்பு. இன்னிக்கே கையெழுத்துப் போடுவேன். யோசிச்சு எழுதிக் கொண்டு வாங்க." ஒரு படிவத்தை நீட்டிவிட்டு ஜீப்பைத் திருப்பினார்.

மெக்கானிக் முகமது ரஃபீக் வாணியம்பாடிக்காரர். வால் பக்கம் குந்தி உட்கார்ந்து பொடிச் சக்கரத்தை விரலால் தட்டினார். அது சுற்றியது, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"வெள்ளிக்கிழமைதான் பிரிச்சு கிரீஸ் வச்சேன்" என்றார். "பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கன்னத்துல போட்டுக்கினீங்க. கரெக்டா மேடம்?"

சுப்ரஜா திரும்பி ஓடுபாதையோரத்தைப் பார்த்தாள். காவி பூசிய சின்ன மாருதி கோவில், ஒன்றும் அறியாததுபோல் இருந்தது.

"பாத்துட்டீங்களா ரஃபீக் பாய்?"

"அவருக்கு பைனாகுலர் வேணும். எனக்கு எதுக்கு? எங்க ஊரு பஸ் டிரைவருங்க ஸ்டியரிங்கையே வுட்டுட்டு போட்டுக்குவாங்க. அந்த வண்டி நேரா போயிடும். இது வால் பெருத்த ஜாதி, போவுமா?"

அவளுக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. கைக்கு இருந்தது. சாங்வியிலிருந்து ஹடப்சர் போகும் வழியில் பதினாலு கோவில்கள். இடது கையால் சாமி கும்பிடக் கூடாதென்று ஸ்கூட்டர் ஆக்ஸிலரேட்டரையே விட்டுவிட்டு வலது கையால் பதினாலு தடவை கன்னத்தில் போட்டுக்கொள்வாள். முதல் இரண்டு இறக்கத்திலும் பயத்தில் கோவிலே கண்ணில் படவில்லை. மூன்றாவது பூப்போல அமர்ந்ததும் மனசு இளகிவிட்டது. கோவில் கண்ணில் பட்டது. கால் ஓய்ந்தது. கை கிளம்பிவிட்டது.

"நானா போடலீங்க, அதுவா போயிருச்சு" என்றாள்.

"எழுதறது உங்க இஷ்டம். ஆனா தேனீன்னு மட்டும் எழுதாதீங்க. எனக்கே சிரிப்பு வருது."

அவர் சிரிக்கவில்லை. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து அதைத் தட்டித் தட்டிப் பார்த்த விரலில் கிரீஸ் அப்பியிருந்தது. சுப்ரஜா சக்கரத்தைக் காலால் நிறுத்திவிட்டு படிவத்தை இறக்கைமேல் வைத்து எழுதினாள்.

அலுவலகத்தில் தேஜஸ் அதை இரண்டு முறை படித்தார். "கன்னத்தில் எதைப் போட்டீங்க?"

செய்து காட்ட வேண்டியிருந்தது. வலது கன்னம், இடது கன்னம். அவர் மேஜைக்குப் பின்னாலிருந்து கூர்ந்து கவனித்தார்.

"யாருக்கு?"

"மாருதிக்கு சார்."

"வாயு புத்திரன். வாலைப் பத்தி அவருக்குத் தெரியாததா? பிடிச்சிருக்கலாமே!"

"நான்தான் சார் பிடிச்சிருக்கணும்."

"அது சரி" என்று பேனாவை மூடினார். கையெழுத்து விழவில்லை.

விமானம் ஆறு வாரம் பறக்கவில்லை. சுப்ரஜா தேஜஸுடன் மேலும் பத்து மணி நேரம் பறந்தாள். ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை காலை தனியாக மூன்று முறை இறங்கினாள். மூன்று முறையும் விமானம் நேராக ஓடி நின்றது. 8.20க்குக் கையெழுத்து ஆனது.