மேனேஜருக்கு ஒரு காலர்

வீட்டுக்குள் பல்லி வந்தால் துடைப்பத்தைத் தேடுவதுதான் தையற்காரியம்மாவின் ஐம்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகளோ, கல்யாணமாகி வரும்போதே ஒரு பல்லியைக் கண்ணாடித் தொட்டியோடு கொண்டுவந்தாள். சுவரில் ஓடுகிற சோனிப் பல்லி இல்லை. கண்ணுக்கு மேலே முள்வரிசையும் செம்மண் நிறமுமாக உள்ளங்கை நீளத்துக்கு ஒன்று. கண் சிமிட்டாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். மாமியார் மட்டும் 'அது' என்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உறவாகிவிடும் அல்லவா?

அந்த மருமகளை ஆபீஸில் இருபது நாள் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள். மகன் பல்லியைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவன். தொட்டி இருக்கும் அறைக்குள் அவன் படுத்துத் தூங்குவதே பெண்டாட்டி மேல் உள்ள பிரியத்தால்தான். வேறு வழியில்லாமல் மருமகள் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதித் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது, பழப்பொடியைக் குழைத்து மூடியில் வைப்பது, தொட்டியைத் துடைப்பது, எல்லாம் அதில் இருந்தன. கீழே மிருக ஆஸ்பத்திரி அட்டையையும் குத்திவைத்தாள்.

"அத்தை, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

அது போதாதா? அளவு நோட்டில் இருப்பதை அரை இஞ்சுகூட மாற்றாமல் தைத்துப் பழகியவள், தாளில் இருந்ததையும் அப்படியே செய்தாள். மருமகள் வந்து ஒரு வருஷம் ஆகியும் இருவருக்கும் நடுவில் மரியாதை இருந்ததே தவிர ஒட்டுதல் இல்லை. இந்த இருபது நாள் நல்லபடியாக முடிந்தால் அந்தப் பெண் தன்னிடம் கொஞ்சம் நெருங்கி வருவாள் என்று அவளுக்கு உள்ளூர ஆசை.

ஐந்தாம் நாள் பார்த்தால், அதன் இடது கண்ணோரம் மெல்லிசாக ஏதோ படிந்திருந்தது. அதுவும் நாக்கை நீட்டி அந்தக் கண்ணையே நக்கிக்கொண்டிருந்தது. தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நமைச்சல் போலிருக்கிறது, நக்கி நக்கியே புண்ணாக்கிக்கொள்ளப் போகிறது என்று அவளாகவே தீர்மானித்தாள். எதிர்வீட்டு நாய்க்கு ஆபரேஷன் ஆனபோது, காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாட்டியிருந்தது அப்போது பார்த்துத்தானா ஞாபகத்துக்கு வர வேண்டும்?

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வேலைப்பாட்டை அவள் மாப்பிள்ளைக் கோட்டுக்குக்கூடச் செய்ததில்லை. சட்டைக் காலருக்குள் வைக்கிற கேன்வாஸில் துளியூண்டு வெட்டிப் புனல்போல் சுருட்டி, ஓரத்துக்கு மெத்தென்ற பருத்தித் துணியை மடித்துக் கட்டி, முடிச்சு குத்தாமலிருக்க அதை வெளிப்பக்கம் வைத்து, முழுக்கக் கைத்தையலாகவே முடித்தாள். காலரை மாட்டிக்கொண்டு கிளையில் உட்கார்ந்து முறைத்தபோது அது அசல் மேனேஜராகவே இருந்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டே நாளில் அந்தப் பெருமை பறந்தது. இரண்டு கண்ணும் பாலேறினாற்போல் மங்கிவிட்டன. அது சாப்பாட்டு மூடிக்குள்ளேயே நின்றுகொண்டு சாப்பாட்டைத் தேடியது. அவள் சுவரிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையைப் பிய்த்தெடுத்தாள். ஒரு டப்பாவில் ஈரத்துணி விரித்து, மூடியில் துளை போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் அட்டையை வாங்கிய பெண் கம்ப்யூட்டரைத் தட்டி, பழைய பதிவு இருக்கிறது என்று சொல்லி உள்ளே அனுப்பினாள். டாக்டரம்மா காலரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, யார் தைத்தது என்று கேட்டாள். இவளும் அந்தக் கவலையிலும் ஒரு சின்னப் பெருமையோடு, நான்தான் என்றாள்.

"நல்லாத்தான் தைச்சிருக்கீங்க. ஆனா இதுக்கு இமையே கிடையாதும்மா. நாக்காலதான் கண்ணைத் துடைச்சுக்கும். நீங்க அதைத் தடுத்துட்டீங்க."

தோல் உரித்தபோது ஒரு துணுக்கு கண்ணோரம் ஒட்டிக்கொண்டதாம். சும்மா விட்டிருந்தால் அதுவே நக்கி எடுத்திருக்குமாம். டாக்டரம்மா ஈரப்பஞ்சால் துணுக்கை எடுத்துவிட்டு, தினம் மூன்று வேளை விடச் சொட்டுமருந்து கொடுத்தாள். வலது கண் தேறிவிடும், இடது கண்ணை இப்போது எதுவும் சொல்வதற்கில்லை, அந்தக் கண்ணை அதுவாக நக்க ஆரம்பித்தால் தப்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்தவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டாமல் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்று பார்த்தாள். முப்பது எண்ணுவதற்குள் கண் எரிந்து பொலபொலவென்று கொட்டியது. இரண்டு நாள் இப்படி இருக்கவைத்தோமே பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்புறம் கொட்டியது எரிச்சலால் அல்ல.

சாயங்காலம் ஆறு மணிக்கு மருமகள் வீடியோவில் தவறாமல் கூப்பிடுவாள். இவளும் தவறாமல் அதன் முதுகைக் காட்டி, இப்போதுதான் தூங்குகிறது என்பாள். சரி அத்தை என்று அவள் வைத்துவிடுவாள். வைத்ததும் இவளுக்குச் சோறு இறங்காது. அறுபது வயதை நெருங்கும்போது ஒரு சின்னப் பெண்ணிடம் பொய் சொல்லிப் பிழைக்க வேண்டியிருக்கிறதே என்றிருக்கும்.

ஆனால் மருந்தில் மட்டும் ஒரு வேளை தவறவில்லை. பித்தான் துளை போடும்போது துணியைப் பிடிக்கிற அதே பிடியில், இரண்டு விரலுக்கு நடுவே அதைப் பதமாகப் பிடித்துச் சொட்டு விட்டாள். மருந்து ஆரம்பித்த ஆறாம் நாள் வலது கண் தெளிந்தது. இடது கண் அப்படியே இருந்தது. மருமகள் வரும் நாளும் வந்துவிட்டது.

அன்று காலை மருந்து விட்டு நிமிர்ந்தபோது, அது நாக்கை நீட்டி இடது கண்ணை ஒரு வழி வழித்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் ஒரு வழி. "அட என் ராஜா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பிறகு காலரை எடுத்து வெட்டுத்துணிக் கூடையின் அடியில் போட்டு அமுக்கினாள். இனி எந்தச் சாட்சியும் இல்லை.

மாலையில் வந்த மருமகள் பையைக்கூட இறக்காமல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி இவள் முகத்தைப் பார்த்தாள்.

"தொந்தரவு ஒண்ணும் பண்ணலையே அத்தை?"

ஒன்றுமில்லை என்பது வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்தும் போயிருக்கும். அந்தப் பெண் நம்பித்தான் விட்டுப் போகிறேன் என்று சொன்னது காதில் நின்றது. அவள் போய்க் கூடையைக் கவிழ்த்து, காலரைத் தேடி எடுத்து மருமகளின் கையில் வைத்தாள்.

"இதை அதுக்கு மாட்டிவிட்டேன். கண்ணே போகப் பாத்துச்சு. உன்கிட்ட தினமும் பொய் சொன்னேன்."

மருமகள் போனைத் திறந்து நீட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செய்திகள் வரிசையாக இருந்தன. கண்ணுக்கு ஆனது, கொடுத்த மருந்து எல்லாம் எழுதிய முதல் செய்தி, இவள் டப்பாவோடு பஸ் ஏறிய அன்றைக்கே போயிருந்தது. பதிவில் இருந்தது மருமகளின் நம்பர் அல்லவா.

"தெரிஞ்சேவா சும்மா இருந்தே?"

"அன்னிக்கு ரொம்ப அழுதேன். திட்டணும்னுதான் போனை எடுத்தேன். திட்டினா உங்க கை நடுங்கும். நடுங்குற கையால மருந்து விட்டா அவன் கண்ணு என்ன ஆகுறது?" என்றாள் மருமகள். காலரைக் கையில் திருப்பியபடி, "ஆனா நீங்களா சொல்லிடுவீங்கன்னுதான் அத்தை தினமும் கூப்பிட்டேன்" என்றாள்.

சுவர்க்கடிகாரம் ஆறு அடித்தது. மருந்து வேளை. மாமியார் சொட்டுமருந்தை எடுத்து மருமகளிடம் நீட்டினாள். மருமகள் வாங்கிக்கொள்ளாமல், தொட்டியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"வா மேனேஜர்" என்று இரண்டு விரலால் அதைப் பதமாகப் பிடித்துத் தூக்கினாள் மாமியார். பன்னிரண்டு நாள் நடுங்காத கை இப்போதுதான் நடுங்கியது. மருமகள் கிட்டே வந்து அந்தக் கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டாள்.