பனிவண்டிக்கு ஓர் ஆள்

தூத்துக்குடியில் பனி கொட்டியதாக எந்தச் சரித்திரத்திலும் இல்லை. மார்கழி விடியலில் கொஞ்சம் மூடுபனி இருக்கும். அதற்கே ஊர் மஃப்ளரைச் சுற்றிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில், பனிமலையில் ஓட்டுகிற வண்டி ஒன்றைக் கொண்டுவந்து தன் உப்பளத்தில் இறக்கினார் மந்திரமூர்த்தி அண்ணாச்சி. துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளை ஏலம் விட்டபோது, உள்ளே ஜெனரேட்டர் இருக்கும் என்று நம்பி எடுத்த பெட்டி. திறந்து பார்த்தால் முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு ரப்பர் பட்டை, நடுவில் ஒரு சீட்டு. இருபது வருஷப் பழசு. சிரித்தவர்களிடமெல்லாம் அண்ணாச்சி, தெரிந்துதான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு ஓட்டிக் காட்டாமல் இருக்க முடியுமா?

அவருடைய வீம்பில் மாட்டிக்கொண்டவள் அனுசியா.

அனுசியா முத்தையாபுரத்துக்காரி. இருபத்தெட்டு வயது, மெக்கானிக்கல் டிப்ளமோ. அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் பம்பு, டிராக்டர், உப்பு அரைக்கிற மெஷின் எல்லாம் நாலு வருஷமாக அவள் கையில்தான். சேர்ந்த அன்று, சரிபார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அவளுடைய ஒரிஜினல் சான்றிதழ்களை அண்ணாச்சி வாங்கி ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குள் வைத்தார். நாலு வருஷமாகியும் சரிபார்த்து முடியவில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறதோ!

இப்போது கொச்சியில் ஒரு கப்பல் பட்டறையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மூன்று வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை ஒரிஜினலோடு நேரில் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போகும். தொலைந்துபோயிற்று என்று எழுதிக்கொடுத்து நகல் வாங்கலாமா என்று விசாரித்தாள். ஆறு மாதமாவது ஆகும் என்றார்கள். தவிர, எந்தப் பெட்டியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்த பொருளை எப்படித் தொலைந்ததென்று எழுதுவது?

நேரே போய்க் கேட்டாள். அண்ணாச்சி மறுக்கவில்லை. யாரிடமும் எதற்கும் இல்லை என்று சொல்லாமலே காரியத்தை நடத்திக்கொள்வது அவருடைய கைவந்த கலை.

“தாரேன்ளா. ஒன் பொருள வச்சு நான் என்ன செய்யப் போறேன்? அந்த வண்டி ஏழாம் நம்பர் பம்புக்குப் போயிட்டு வரட்டும். அன்னைக்கே வாங்கிக்க.”

ஏழாம் நம்பர் பம்பு உப்பளத்தின் கடைசியில், கடல் பக்கம் இருக்கிறது. வெள்ளம் வந்த வருஷம் அதற்குப் போகிற வரப்புச் சாலை கரைந்துபோனது. அதிலிருந்து மழைக்காலம் என்றால் நடுவில் முழுக்கச் சகதி. டிராக்டர் இறங்காது, தோணி மிதக்காது. பம்பு ஓட்டுகிற சுடலைக்கண்ணன் ஐம்பது வயதைத் தாண்டியவர். டீசல் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு தொடையளவு சேற்றில் நடந்து போய் வருவார். ஆக, வீம்பில் வந்த வண்டிக்கு நிஜமாகவே ஒரு வேலை காத்திருந்தது. அதுதான் அனுசியாவுக்கு இன்னும் எரிச்சல். வெறும் கிறுக்குத்தனம் என்றால் வைதுவிட்டாவது போகலாம்.

முதல் தடவை இறக்கியபோது வண்டி பத்தடி போனது. அப்புறம் எஞ்சின் கத்தியது, பட்டை வழுக்கிச் சுற்றியது, பெல்ட் கருகிய வாடை வந்தது. தள்ளி வெளியே எடுக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது.

அதைக் கழற்றிப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. பனி உதிரி, வண்டி அதன் மேல் மிதந்து வேகமாகப் போகும். அதற்கேற்ற கியர், அதற்கேற்ற குட்டைப் பல் வைத்த பட்டை. சகதி அப்படியில்லை, பிடித்து இழுக்கும். இங்கே வேகம் வேண்டாம், இழுவை வேண்டும். இன்னொன்றும் இருந்தது: இந்த வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது. பட்டை வாரி அடிக்கிற பனிதான் மேலே இருக்கிற அலுமினியக் குழாயில் பட்டு எஞ்சினைக் குளிர்விக்கும். பனிக்கு நாம் எங்கே போவது? உப்புத் தண்ணீர்தான் அடிக்க வேண்டும். அடித்தால் எஞ்சின் குளிரும், அலுமினியம் அரித்துப்போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும்.

இரண்டு வாரம் அவளும் பிட்டர் பாலகணேஷும் அந்த வண்டிக்கு அடியிலேயே கிடந்தார்கள். பாலகணேஷ் ஐடிஐ படித்தவன், அவளைவிட இரண்டு வயது இளையவன். வாய் ஓயாது, கையும் ஓயாது. துறைமுகத்தில் நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட் பழசாகிக் கழித்துப் போட்டதில் ஒரு துண்டு கிடைத்தது. பழைய பட்டையைவிட ஒன்றரை அடி நீளமாக அதை வெட்டி, வண்டியின் பல் பிடிக்க ஓட்டை அடித்து, லாரி டயரை அறுத்து இரண்டு அங்குல உயரத்துக்குப் பல்லாக போல்ட் போட்டார்கள். நீளப் பட்டை உட்கார, அடியில் உள்ள சட்டத்தை ஒட்டி நீட்டினார்கள். செயினை மாட்டுகிற சக்கரம் மேலே இருபத்தொரு பல், கீழே முப்பத்தொன்பது. அதை மேலே பதினெட்டு, கீழே நாற்பத்திரண்டு என்று லேத்தில் கடைந்து மாற்றினாள். கூட்டினால் அதே அறுபதுதான். ஆகவே பழைய செயினே பொருந்தியது. அந்தக் கணக்கு சரியாக வந்தபோது அவளுக்கு வந்த சந்தோஷம், தான் மாட்டிக்கொண்டிருக்கிற ஆள் என்பதையே கொஞ்ச நேரம் மறக்கவைத்தது.

மறந்தது கொஞ்ச நேரம்தான். வண்டி ஓடாவிட்டால் அண்ணாச்சி விடமாட்டார். ஓடினால் அதைவிட விடமாட்டார். இதைக் கழுவ, இறுக்க, பட்டையைச் சரிபார்க்க உப்பளத்தில் வேறு யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கும்போது தன்னையே அதில் சேர்த்து முடுக்குவதுபோல் இருந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி.

ஒரு மத்தியானம் வண்டிக்கடியில் படுத்தபடி பாலகணேஷ் தன் ரகசியத்தைச் சொன்னான். துபாயில் கப்பல் பழுது பார்க்கிற இடத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். அடுத்த மாதம் சென்னையில் இன்டர்வியூ. வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். அவனுடைய சான்றிதழ்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருந்தன. பிட்டரின் காகிதத்தை யார் மதித்தார்கள், அண்ணாச்சி அதைக் கேட்டதே இல்லை. அனுசியா அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். அதை அவனிடமே சொன்னாள். அவன் சிரித்தான்.

அடுத்த ஓட்டம் அவளுடைய தப்பால் கெட்டது. உயரமான பல் என்றால் நல்ல பிடி என்று நினைத்துவிட்டாள். ஆக்சிலேட்டரை அமுக்கியதும் பட்டை முன்னால் போகாமல் கீழ்நோக்கிக் கிணறு தோண்டியது. சீட்டு வரை உள்ளே போயிற்று. அண்ணாச்சி வரப்பில் குடை பிடித்து நின்று பார்த்துவிட்டுப் போனார். திங்கட்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. மறுநாள் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பல்லைப் பாதியாகச் சீவி எறிந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் வண்டி போனது.

அனுசியாதான் ஓட்டினாள். சகதி இரண்டு பக்கமும் பிரிந்து தெறிக்க, எருமை நடை நடந்து ஏழாம் நம்பர் பம்பை எட்டியது. இந்த வண்டிக்குப் பின்னால் போகிற கியர் இல்லை. பம்பைச் சுற்றி வளைத்துத் திருப்பினாள். வருகையில் சுடலைக்கண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தாள். அவர் மடியில் வெறும் கேனைப் பிடித்தபடி, கால் நனையாமல் கரையில் இறங்கினார். இறங்கியவர் இரண்டு தடவை குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அண்ணாச்சி கூட்டிவந்திருந்த உப்பு வியாபாரிகள் போனில் படம் பிடித்தார்கள். அண்ணாச்சி முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, நல்ல மனுஷன்தானே என்றுகூட அனுசியாவுக்குத் தோன்றிவிட்டது.

பதினோரு மணிக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டார். இரும்புப் பெட்டி திறந்திருந்தது. மேஜை மேல் அவளுடைய பழுப்புக் கவர், அதன் மேல் அவருடைய கை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான், என்று தொடங்கினார். அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான் என்றார். வண்டியை வாயாரப் புகழ்ந்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணுளா. நீ போயிட்டா இத யாரு பாப்பா?”

ஜன்னல் வழியாக ஒர்க்‌ஷாப் வாசல் தெரிந்தது. பாலகணேஷ் ஹோஸ் பைப்பைப் பிடித்து, அவள் சொல்லிக்கொடுத்தபடியே, அடியிலிருந்து மேலாக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். வேறு யார் பேராவது வாயில் வருகிறதா என்று அவள் தேடினாள். தேடினாள் என்று சொல்வதுகூட அவளுக்குக் காட்டுகிற தயவு. அந்தப் பேர் முன்னாலேயே நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது.

“பாலகணேஷுக்கு எல்லாம் தெரியும் அண்ணாச்சி.”

“அவன் விட்டுட்டு எங்கயும் போயிர மாட்டானே?”

“போவ மாட்டான்.”

அண்ணாச்சி ஒரு தாளை நகர்த்தினார். வண்டியின் வேலை முழுவதும் பாலகணேஷுக்குப் பழக்கிக்கொடுத்தாயிற்று, பொறுப்பு இனி அவனுடையது என்று டைப் அடித்துத் தயாராகவே இருந்தது. அவன் பேர்கூட முன்னாலேயே அதில் அடித்திருந்தது. அவள் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பாள். போட்டாள். கை கவரிலிருந்து எழுந்தது.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. நாலு வருஷமாக இந்த நிமிஷத்தை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். அழுவோம் என்று நினைத்திருக்கிறாள். அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. தன்னை அவிழ்த்துக்கொண்டு அதே கயிற்றில் இன்னொருவனைக் கட்டிவிட்டு வந்திருக்கிறோம் என்பது நன்றாகவே தெரிந்தது. ஆனால் கயிறு இன்னும் இறுகவில்லை, ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பித்துக்கொள்வான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தாள்.

பாலகணேஷ் கவரைப் பார்த்ததும் ஹோஸைக் கீழே போட்டான். “கெடச்சிட்டாக்கா?” என்றான். தனக்கே கிடைத்ததுபோல் முகமெல்லாம் பல்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. “ஒன் சர்டிபிகேட்ட மட்டும் அண்ணாச்சிகிட்ட குடுத்துராத. எப்படிக் கேட்டாலும் சரி. நான் உள்ள ஒன் பேரச் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“அது போன வாரமே குடுத்தாச்சேக்கா.”

“எதுக்குலே?” என்றாள்.

“வண்டிப் பொறுப்புக்கு ஓராள் நின்னாத்தான் ஒங்கள விடுவேன்னு சொன்னாவ. நான் நிக்கேன்னுட்டேன். இல்லன்னா ஒங்கள விட்டிருப்பாவளா?”

“துபாய்?”

“அதுக்கு ஒரு மாசம் கெடக்குல்லா.” அவன் குனிந்து ஸ்பேனரை எடுத்தான். “அதுக்குள்ள ஓராளப் பழக்கிட்டாப் போச்சு.”

அவன் எங்கேயும் போக மாட்டான் என்று உள்ளே அவள் சொன்னது பொய்யே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதைச் சொல்லும் முன்பே, அவளுக்காக அவன் அதை உண்மையாக்கி வைத்திருந்தான். கவரை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாலகணேஷ் அதற்குள் வாசல் பக்கம் திரும்பிவிட்டான். “சுடலையண்ணே, இங்கன வாங்க. இந்தச் செயின எப்படி மாட்டுதுன்னு காட்டுதேன்.”

சுடலைக்கண்ணன் கேனை இறக்கி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆசையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.