கை தூக்காத அணி

கல்லூரிப் பேருந்துக்கு நான் டிரைவர். கால்பந்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பையன்களை மைதானத்தில் இறக்கிவிட வேண்டும், ஆட்டம் முடிந்ததும் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் அந்த அணியில் என் தங்கை மகன் இருந்தான். அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்றக் கல்லூரிக்காரர்கள் எங்கள் அணிக்கு வைத்திருந்த பெயர் 'வள்ளல்கள்'. எதிரே யார் வந்து நின்றாலும் கை நிறைய கோல் கொடுத்து அனுப்புவார்கள். கோல் காக்கிற பையனை அவன் கூட்டாளிகளே 'ஓட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் வெட்கமில்லாமல் திரும்பிப் பார்ப்பான். இரண்டு கோல் விழுந்துவிட்டால் போதும், பாதிப் பேருக்குக் கால் சுளுக்கிக்கொள்ளும். ஒருவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவான், ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்வான். வெளியே காத்திருக்கிற பையன்கள் ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருப்பார்கள். உள்ளே போ என்று யாராவது சொல்லித் தொலைத்துவிடக் கூடாதே என்று பயம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே கும்மாளமாக இருக்கும். தோற்ற கூட்டம் என்று சொன்னால் நம்ப முடியாது. என் தங்கை மகன் மட்டும் எனக்குப் பின்னால், இஞ்சின் சூடு அடிக்கிற சீட்டில், வாயைத் திறக்காமல் வருவான். கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவன் அவன். ஆள் உயரம், அசைய மாட்டான். 'தூண்' என்பார்கள்.

"இன்னைக்கு எத்தனை வாங்குனீங்க?" என்று கேட்பேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு மாமா."

அவன் நடக்கப் பழகுவதற்கு முன்பே அவன் அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான். தங்கை ஒரு துணிக்கடையின் பின்கட்டில் தையல் மிஷின் மிதிக்கிறாள். மூன்று பேருக்கும் ஒரே வீடு. எனக்குக் குடும்பம் என்றால் அவர்கள்தான்.

அந்த நேரத்தில்தான் புதுப் பயிற்சியாளர் வந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, சிரித்த முகமாக, ஒவ்வொரு பையனுக்கும் கை கொடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். எனக்கும் கை கொடுத்தார். என் கையில் கிரீஸ் இருந்தது. அதைப் பார்த்தும் கொடுத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. நான் பல பேருக்கு வண்டி ஓட்டியவன். கிரீஸ் கையைத் துடைக்கச் சொல்லாமல் குலுக்குகிறவனிடம் கொஞ்சம் தள்ளியே நிற்க வேண்டும்.

என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அவர் பேசினார்.

"உங்கள்ல ஒருத்தரைக்கூட ஆட்டத்துக்கு நடுவுல நான் வெளிய இழுக்க மாட்டேன். உங்க உடம்பு உங்களுக்குத்தான் தெரியும். முடியலையா, கையத் தூக்குங்க. ஏன்னு கேக்க மாட்டேன். திட்ட மாட்டேன். கைதட்டிக் கூப்பிடுவேன். ஆனா கை தூக்காத வரைக்கும் உங்களால முடியும்னு நான் நம்புவேன். அந்த நம்பிக்கையக் காப்பாத்துறது உங்க பொறுப்பு."

கண்ணாடியில் பார்த்தேன். எல்லாப் பயலும் வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டில் சொன்னேன்.

"உனக்கு யாரைத்தான் பிடிச்சிருக்கு?" என்றான் தங்கை மகன்.

முதல் ஆட்டத்தில் வழக்கம்போல இரண்டு கோல் விழுந்ததும் ஒருவன் கையைத் தூக்கினான். பயிற்சியாளர் எழுந்து நின்று கைதட்டினார். பொய்யாக இல்லை, மனசாரத் தட்டினார். தோளில் கை போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அடுத்தவன் தூக்கினான். அவனுக்கும் அதே கைதட்டல். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பையன் பெஞ்சில் உட்கார முடியாமல் பஸ்ஸுக்கு வந்துவிட்டான். சீட்டுக்கு அடியில் முகத்தை வைத்துக்கொண்டு எதையோ தேடுகிற மாதிரி நடித்தான்.

திட்டியிருந்தால் பழைய மாதிரியே இருந்திருப்பார்கள். திட்டு வாங்கி வாங்கித் தோல் மரத்துப்போனவர்கள் அவர்கள். அந்தக் கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்கப்புறம் கைகள் குறைந்துகொண்டே வந்தன. மூச்சு வாங்கினாலும் ஓடினார்கள். மூக்கில் ரத்தம் வந்தாலும் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினார்கள். ஒருபோதும் கையைத் தூக்காதவன் என்று என் தங்கை மகனைக் கேப்டன் ஆக்கினார். பயல் முன்னைவிடக் குறைவாகப் பேசினான். ஆனால் அவன் பேசியதை மற்றவர்கள் கேட்டார்கள். ஓட்டை ஒரு கோலை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்தபோது, இவன் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து அவன் கையில் கொடுத்து, "நான் சரியா நிக்கல. உன் மேல தப்பில்ல" என்றான். ஓட்டை அன்றைக்கு அதற்குப் பிறகு ஒன்றையும் விடவில்லை.

முதலில் ஓர் ஆட்டம் சமனாக முடிந்தது. பிறகு ஒன்றில் ஜெயித்தார்கள். அன்றைக்குத்தான் பஸ்ஸில் சத்தமே இல்லை. ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஏதோ கோயிலுக்குள் இருக்கிறவர்கள் மாதிரி வந்தார்கள். சோம்பேறிக் கூட்டம் மனிதர்களாகிவிட்டது. அந்த ஆள்தான் செய்தார். இல்லை என்று சொன்னால் நான் பொய்யன்.

ஜெயித்துக்கொண்டே போனார்கள். துறைமுகத்துக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. அதில் சேர்த்துக்கொண்டால் அங்கேயே நிரந்தர வேலையும் கொடுப்பார்கள். அந்த அணியின் அதிகாரி ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நேராக என் தங்கை மகனிடம் வந்தார். உன்னை எடுத்தாயிற்று, பரீட்சை முடிந்ததும் வா, டாக்டர் முன்னால் ஓடிக் காட்டினால் போதும் என்றார்.

தங்கை அன்றைக்கே கடையிலிருந்து காக்கித் துணி எடுத்து வந்துவிட்டாள். அளவு நாடாவைப் பையன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சதை போடும். விட்டுத் தைக்கணும்" என்றாள்.

"வேலை வரட்டும்மா."

"வந்தாச்சுன்னு அந்த மனுஷனே சொல்லிட்டாரே. அண்ணே, நீ கூடவேதான போற. பாத்துக்கோ."

அரையிறுதியில் என் தங்கை மகனுக்கு அடி விழுந்தது. எதிராளியின் ஷூ பக்கவாட்டில் வந்து அவன் முட்டியில் இறங்கியது. ஆடி முடித்தான், ஜெயித்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினான். கிழவர்கள் அப்படி இறங்குவார்கள். நான் அப்படி இறங்குகிறவன். எனக்குத் தெரியாதா?

"முட்டியக் காட்டு."

"ஒண்ணுமில்ல. லேசா இடிச்சிடுச்சு."

"காட்டுடா."

"அம்மாகிட்ட ஏதாவது சொன்னே, அப்புறம் நான் வீட்டுக்கே வர மாட்டேன்."

மறுநாள் பயிற்சியாளரின் அறைக்குப் போனேன். பந்துகளும் வலைகளும் கிடந்த குடோன் மாதிரியான அறை. அவர் கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், பையனுக்கு முட்டி போச்சு. இறுதி ஆட்டத்துல அவன உக்கார வைங்க."

"அவன் என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே பெரியவரே."

"அவன் சொல்ல மாட்டான். அதான் நான் வந்து சொல்றேன்."

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "அவன் சொல்லாம நான் எடுத்துட்டா, இத்தனை நாள் நான் பசங்களுக்குச் சொன்ன வார்த்தைக்கு என்ன மதிப்பு? அவங்கள நம்புறேன்னு சொன்னதாலதான் அவங்க நிமிர்ந்திருக்காங்க."

"வார்த்தை உங்களுது சார். முட்டி அவனுது."

"அதனாலதான் அவன் முடிவு பண்ணட்டும்னு சொல்றேன்."

அவர் கண்ணில் ஒரு திருட்டுத்தனமும் இல்லை. சொன்னதை அப்படியே நம்பினார். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சட்டையைப் பிடித்திருப்பேன்.

இறுதி ஆட்டத்துக்கு அன்றைக்கு ஊரே வந்திருந்தது. கல்லூரி முதல்வர் முன்வரிசையில் குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கோட்டுக்கு வெளியே நின்றேன். பயல் முட்டி உறைக்குள் துணி சுற்றியிருந்தான். ஒரு முட்டி மட்டும் தடித்துத் தெரிந்தது. முதல் பாதி முழுக்கத் திரும்புகிற இடத்திலெல்லாம் நல்ல காலாலேயே திரும்பினான்.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் அணி ஒரு கோல் போட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் திரும்பினபோது கால் தரையிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. விழுந்தான். எழுந்தான். முகம் சாம்பலாகியிருந்தது.

மாற்று ஆள் தயாராக நின்றான். ஷூ கயிறெல்லாம் இறுகக் கட்டியிருந்தான். இப்போது உள்ளே போகத் துடிக்கிற பையன்கள் அவர்கள். பயிற்சியாளரும் அவனும் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என் தங்கை மகனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தொடையோடு ஒட்டிக் கிடந்தது.

"பாருங்க சார்" என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். "அவன் தூக்கல."

பந்து வெளியே போயிருந்தது. நான் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தேன். நேராகப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து, கனமான அந்தக் கையை என் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

"இந்தாங்க சார், தூக்கியாச்சு. ஆளை மாத்துங்க."

கூட்டம் சிரித்தது. யாரோ ஒருவன் விசில் அடித்தான். பயல் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டான். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. நடுவர் ஓடி வந்தார்.

"யாருப்பா இது? உங்க ஆளா?"

"பஸ் டிரைவர் சார்" என்றான் என் தங்கை மகன். "அவருக்கு ஆட்டம் தெரியாது."

பின்னால் ஓட்டை நின்றிருந்தான். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறவன், நான் யார் என்று தெரிந்தவன். தலையைக் குனிந்துகொண்டு கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான். இரண்டு பேர் என் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

கடைசி நிமிஷங்களில் எதிராளி அடித்த பந்து கோலுக்குள் போகத்தான் இருந்தது. பயல் அந்தக் காலையே குறுக்கே நீட்டி விழுந்தான். பந்து முட்டியில் பட்டுத் தெறித்தது. விசில் ஊதிவிட்டார்கள். ஜெயித்தாயிற்று.

எல்லாரும் ஓடிப்போய் அவனைத் தூக்கினார்கள். ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தோளில் ஏற்றிக் குதித்தார்கள். அவன் வாயை முழுசாகத் திறந்து கத்தினான். கத்தக் கத்த இன்னும் உயரத் தூக்கினார்கள். சந்தோஷத்துக்கும் வலிக்கும் வித்தியாசம் தெரிகிற அளவுக்கு அங்கே யாருக்கும் நிதானம் இல்லை.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நடக்கலாம், ஓட முடியாது என்றார். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ கூடத்தான இருந்தே அண்ணே?"

இருந்தேன். உள்ளே போனேன், கையையும் தூக்கினேன். அதைச் சொன்னால் அவன் என்னை 'பஸ் டிரைவர்' என்று சொன்னதையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

பயிற்சியாளர் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். "ஒரு தடவை கையத் தூக்கியிருக்கலாமேடா" என்றார். பயல்தான் அவரைச் சமாதானப்படுத்தினான். "உங்க மேல தப்பில்ல சார்" என்றான். அடுத்த வருஷமே பெரிய அணி ஒன்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. போனார். துறைமுகத்து வேலை ஓட்டைக்குப் போயிற்று. காக்கி உடுப்போடு எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். தங்கை வாங்கி வைத்த காக்கித் துணி சும்மா கிடந்தது. கடைசியில் அதிலேயே, எக்ஸ்ரே படங்களை மடங்காமல் கொண்டுபோக ஒரு நீளப் பை தைத்தாள்.

கல்லூரி வாசலில் பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். தோள்களின் மேல் என் தங்கை மகன், வாய் பிளந்தபடி. கீழே 'வெற்றியின் முழக்கம்' என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தினமும் பஸ்ஸை அதைத் தாண்டித்தான் ஓட்டுகிறேன்.

அவனையே அணிக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று பேசுகிறான். நிறையப் பேசுகிறான். பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். இன்னும் ஜெயிக்கிறார்கள்.

போன வாரம் ஓர் ஆட்டம். வலப்பக்கம் ஆடுகிற ஒல்லிப் பையன் ஒருவன் கணுக்காலை ஊன்ற முடியாமல் நொண்டினான். நான் கோட்டுக்கு வெளியே என் தங்கை மகன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தப் பையன் நொண்டுறான். பாத்தியா?"

"பாத்தேன்."

"வெளிய கூப்பிடு."

இவன் மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தடி ஊன்றிய கையும் அசையவில்லை.

"அவன் கை தூக்கல மாமா."

இப்போது நான் மாமா. அந்த ஒல்லிப் பையனுக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று கூட்டத்தைப் பார்த்தேன். அப்பனோ மாமனோ எவனாவது ஒருவன் எழுந்து நிற்பான் என்று பார்த்தேன். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் கோட்டைத் தாண்டவில்லை. அந்த ஒல்லிப் பையனுக்கு நான் வெறும் பஸ் டிரைவர்தானே. வண்டிக்குப் போய், அவன் ஏறுவதற்கு வசதியாக முன்கதவைத் திறந்து வைத்தேன்.