பண்டிகைக்கு ஒரு பரங்கிக்காய்

தாம்பரம் தொடங்கிச் செங்கல்பட்டு வரைக்கும், செடி கொடிகளின் மனசு தெரிந்த ஒரே மனிதர் இரும்புலியூர் ஞானையா சார்தான். இதைச் சொன்னவரும் அவரே என்பதால் தகவலில் பிழைக்கு இடமில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுக்கிறார். பூவின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போர்டில் வரைவார்.

அவருக்கு இப்போது அவசரமாக ஒரு பரங்கிக்காய் தேவைப்பட்டது. போன வருடம் சர்ச்சில், அவரவர் விளைச்சலைக் காணிக்கையாகக் கொடுக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு, தன் மாடியில் விளைந்தது என்று சொல்லி ஒன்றைக் கொடுத்திருந்தார். ஏலம் விட்ட துரை அதைத் தூக்கிச் சுற்றிக் காட்டியபோது, அடிப்பக்கத்தில் கடைக்காரர் சாக்பீஸில் எழுதிய எடை சபை முழுக்கத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இந்த வருடம் ஏலத்தில் முதல் காய் தன்னுடையது, சொந்தக் கொடியில் காய்த்தது என்று கமிட்டியில் அறிவித்துவிட்டார்.

கொடி ஜோராகப் படர்ந்தது. பெண் பூக்கள் அடியில் கோலிக்குண்டுப் பிஞ்சோடு மலர்ந்து, மூன்றாம் நாள் பழுத்து உதிர்ந்தன. ஐந்து போயாயிற்று. வெயில்தான் காரணம் என்றார். மழை பெய்த வாரத்தில் மழை என்றார்.

பக்கத்து மாடி ஈவ்லினுக்குக் காட்டாங்குளத்தூரில் காலேஜ் ஆபீஸ் வேலை. தேனீ வரட்டும் என்று தக்காளிக்கும் கத்தரிக்கும் நடுவே செண்டுமல்லி வைத்திருந்தாள். அதையும் நம்பாமல், தினம் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் தன் பரங்கிக் கொடியில் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவுக்குள் தடவுவாள். அவளிடம் நாலு பரங்கிக்காய் இருந்தது. சார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, புரோக்கர் வேலை எப்படிப் போகிறது, ஜாதகம் பார்த்தாயிற்றா, மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்கிறார்கள் என்று விசாரிப்பார். தேனீயின் வேலையில் மனுஷன் தலையிடக் கூடாது என்பது அவர் கட்சி. ஈவ்லின் சரி அங்கிள் என்று அடுத்த பூவுக்குப் போய்விடுவாள்.

பண்டிகைக்கு ஐம்பது நாள் இருந்தது. பிஞ்சு முற்றுவதற்கே அவ்வளவு வேண்டும். அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரே ஒரு பெண் பூ விரிந்திருந்தது. ஒன்பது மணிக்குள் மூடிக்கொள்ளும். ஒரு தேனீ வந்தது. கொடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஈவ்லினுடைய செண்டுமல்லிக்குப் போய்விட்டது.

எட்டு மணிக்கு சார் ஆண் பூவைத் தேடினார். ஒன்றுகூட இல்லை. காய்க்காத பூ கொடியில் எதற்கு, பஜ்ஜி போடு என்று மனைவி எப்சியிடம் அவர்தான் சொல்லி வைத்திருந்தார். கீழே ஓடினார். அன்று பூத்த மூன்று ஆண் பூக்களும் கடலை மாவுக்குள் இருந்தன.

மேலே வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஈவ்லின்மா, ஒரு ஆண் பூ கிடைக்குமா?"

"எதுக்கு அங்கிள்?"

"கிளாஸ்ல காட்டணும்."

"இன்னைக்கு லீவாச்சே." அவள் பறித்துச் சுவர்மேல் வைத்தாள். "ரெண்டா வச்சுக்கோங்க அங்கிள். சில பேருக்கு ஒரு தடவைல புரியாது."

அவள் இறங்கிப் போகும்வரை சார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்டியிட்டு, இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி, பெண் பூவுக்குள் மெதுவாக மூன்று சுற்றுத் தடவினார். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.