இடதுகால் மூட்டு

காலை பத்தேகாலுக்கு, சோதனை இயந்திரத்துக்கு எழுதிய கணக்கில் இருந்த தப்பு அவள் கண்ணில் பட்டது.

செயற்கை முழங்காலை மனிதர் நடப்பது போலவே மடக்கி, நீட்டி, திருகிப் பார்க்கும் இயந்திரம் அது. வலதுகாலுக்கு எழுதிய கணக்கை இடதுகாலுக்குப் போடும்போது திருகும் திசையை மாற்ற வேண்டும். ஒரேயொரு கழித்தல் குறி. அதைப் போடாமல் விட்டவள் சாட்சாத் அவளேதான். இடதுகால் மூட்டு ஐம்பது லட்சம் தடவை தப்பான பக்கமாகத் திருகி, சோதனையில் பாஸாகி, ஆய்வுக்காக ஆட்களுக்குப் பொருத்த ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டது. சரியான பக்கம் திருகினால் தாங்குமா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

பதினோரு மணிக்கு அதைப் பொருத்திக்கொள்ளப் போகிறவள் அவளுடைய மாமியார். "எவனோ செஞ்சத வெச்சுக்கறதுக்கு என் மருமக செஞ்சத வெச்சுக்கிட்டுப் போறேன்" என்று அடம்பிடித்துக் கையெழுத்துப் போட்ட மகராசி.

தலைமைப் பொறியாளர் திரையைப் பார்த்தார். "பதறாதம்மா. ஒரு வாரம் சரியான பக்கம் ஓட்டிப் பார்ப்போம். அப்புறம் சொல்லிக்கலாம்."

"ஒரு வாரத்துல எங்க அத்தை அதுமேல நடந்துக்கிட்டிருப்பாங்க சார்."

"இப்போ சொன்னா மூணு வருஷ உழைப்பு போச்சு. உன் வேலையும்தான்."

போகட்டும், நாசமாய்ப் போகட்டும். அவள் கணவனுக்கு போன் போட்டாள்.

"அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களே. மயக்க மருந்துகூட குடுத்தாச்சாம்."

"கதவைத் தட்டுங்க. கத்தி வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

"ஏன்னு கேப்பாங்களே?"

"நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க."

போனில் செருப்பு ஓடும் சத்தம். யாரோ அதட்டும் குரல். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நாலு நிமிடம் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"நிறுத்திட்டாங்க" என்றான் கணவன்.

மத்தியானம் மாமியார் கண்விழித்தபோது அவள் கட்டிலருகே நின்றிருந்தாள்.

"முடிஞ்சுதாடி? வலியே காணோமே. கெட்டிக்காரிதான் நீ."

"வைக்கவே இல்ல அத்தை." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். செமத்தியாகத் திட்டு விழும் என்று தலைகுனிந்து நின்றாள்.

மாமியார் போர்வைக்குள் கைவிட்டுத் தன் சொந்த முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை, யோசனைதான்.

"சரி, எனக்கு முன்னாடி வேற யாருக்காவது இத வெச்சிருக்காங்களா?"

இரண்டு பேருக்கு வைத்திருந்தார்கள், போன வாரம். காலையிலிருந்து ஒரு தடவைகூட அந்த இரண்டு பேர் அவள் நினைவுக்கு வரவில்லை.