சகாயராணி கழுவிய மூன்று எரிமலைகள்

1

இது நான் ஒட்டுக் கேட்ட கதை. திண்டுக்கல்லில் ஒரு கண் மருத்துவமனையில், கண்ணில் மருந்து விட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். எதிர் பெஞ்சில் ஒரு அம்மாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். குரல் கணீரென்று கேட்டது. முகம் வெறும் புகை. ஆகவே கீழே வரும் முகங்கள் என் கைச்சரக்கு. பெயர்களும்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடலடித் தட்டு இன்னொரு தட்டின் கீழே அமிழும்போது, அதில் பொதிந்துள்ள நீரானது..." என் மனைவி படித்துவிட்டு, "இதுக்கு எத்தனை மார்க்கு?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

சகாயராணி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மகள் ரூபி எரிமலைக் கற்களை ஆராய்கிறவள். 2003 கிறிஸ்துமஸுக்கு இந்தோனேசியாவிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாள், பையைப் போட்டாள், தூங்கிப்போனாள்.

அழுக்குத் துணியை எடுக்கலாமென்று சகாயராணி பையைத் திறந்தாள். துணிகளுக்குள் சுற்றி மூன்று கறுப்புக் கற்கள். உடம்பெல்லாம் ஓட்டை, மண், வெள்ளை வெள்ளையாக ஏதோ கறை. தெருக்குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. ஆனாலும், பிள்ளை அம்புட்டுத் தூரம் சுமந்து வந்ததை அழுக்கோடு வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. முழுசாக ஒரு குடம் தண்ணீரைச் செலவழித்து, சோப்புத்தூளும் தேங்காய் நாருமாகத் தேய்த்து, வெயிலில் காயவைத்தாள்.

ரூபி எழுந்து வந்து பார்த்ததும் எரிமலை வெடி...

[இந்த இடத்தில் எல்லா எழுத்தாளர்களும் இதைத்தான் எழுதுவார்கள். வேண்டாம்.]

ரூபி தரையில் உட்கார்ந்து கற்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"நம்பர் எங்கம்மா?"

"என்ன நம்பரு?"

"கல்லுல வெள்ளையா எழுதியிருந்தேனே."

"அது கறைன்னு நெனச்சேன் தாயி. போகவே மாட்டேன்னுச்சு. நானா விடுவேன்?"

3

[இங்கே ஒரு மாப்பிள்ளை வருவதாக இருந்தது. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.]

4

"எல்லாம் எரிமலைக் கல்லுதானே? ஒண்ணு போலத்தானே இருக்கு?" என்றாள் சகாயராணி.

"இல்லம்மா. அங்க கடலடிப் பாறை தீவுக்குக் கீழ சொருகிக்கிட்டுப் போகுது. ஊறின துணி மாதிரி கடல்தண்ணியையும் இழுத்துட்டுப் போகும். ஆழத்துல சூடு ஏற ஏற, தண்ணி கசிஞ்சு மேல இருக்கிற பாறையில ஏறும். தண்ணி சேந்தா பாறை சீக்கிரம் உருகிரும்."

"தண்ணி பட்டா அணையத்தானே செய்யும்?"

ரூபி வாயைத் திறந்தாள். அதற்குள் சகாயராணியே, "இரு இரு. வெல்லத்தைச் சும்மா சட்டியில போட்டா கருகும். செத்த தண்ணி தெளிச்சா இளகிரும். அப்படியா?" என்றாள்.

ரூபி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "கிட்டத்தட்ட அப்படித்தான். அந்தத் தண்ணிதான் மேல வரும்போது ஆவியா விரிஞ்சு மலையை வெடிக்க வைக்குது. இந்த ஓட்டையும் அதனாலதான். கல்லுக்குள்ள இருக்கிற சின்னப் படிகத்துல அந்தத் தண்ணி இன்னும் துளியூண்டு மாட்டிக்கிட்டு இருக்கு. அதை அளக்கத்தான் போனேன்."

"ஏண்டி, இங்க எண்ணூறு அடி போர் போட்டா புழுதி பறக்குது. நீ ஏரோப்ளேன் ஏறிப் போயி கல்லுக்குள்ள தண்ணி தேடுறியா?"

மூன்று கல்லும் மூன்று மலை. கடலடிப் பாறை சொருகுகிற கடற்பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, தூரத்தில் ஒன்று. தூரம் கூடக் கூடக் கல்லில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும், தண்ணீரும் மாறும். கழுவியதால் உள்ளே இருந்த தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்தக் கல் எந்த மலை என்பதுதான் போய்விட்டது. ஒன்றரை வருட உழைப்பு.

"எந்த மலைக் கல்லை எதுல சுத்துனேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள் ரூபி. "நீ எதுக்குள்ளருந்து எதை எடுத்த?"

சகாயராணி யோசித்தாள். "சிவப்புத் துண்டுல இருந்தது இந்தக் கனத்த கல்லு. சுடிதார்ல இது. சாக்ஸுக்குள்ள இது."

"தெரியுமா, நெனைக்கிறியா?"

"தெரியும்."

[எண்பது பிள்ளைகளின் தட்டுகளையும் பார்த்தவுடன் யாருடையது என்று சொல்லக்கூடியவள் என ஒரு வரி எழுதினேன். கதைக்கு ரொம்ப வசதியாக இருந்தது. எடுத்துவிட்டேன்.]

ரூபியின் பேராசிரியர் தொலைபேசியில் சொன்னார்: "சோதனை முடிவைப் பார்த்து எண் போடக் கூடாது. எண் போட்டுவிட்டு முடிவைப் பார். பொட்டாசிய வரிசை தப்பினால் மூன்றையும் தூக்கிப் போடு."

ரூபி மறுபடி எண்களை எழுதினாள். நோட்டில், "எண்கள் அழிந்தன. சகாயராணி சொன்னபடி மீண்டும் எழுதப்பட்டன" என்று குறித்தாள். அதுவரை ரேஷன் கார்டிலும் வருகைப் பதிவேட்டிலும் மட்டுமே இருந்த தன் பெயரைச் சகாயராணி இரண்டு முறை படித்தாள்.

5

முடிவு அ: மூன்றும் சரி. தாயுள்ளம் வென்றது. [எனக்கே கூசுகிறது.]

முடிவு ஆ: இரண்டு சரி, ஒன்று தப்பு. வாழ்க்கை அப்படித்தானே என்று அழகாக ஒரு பத்தி எழுதினேன். பிறகுதான் உறைத்தது: மூன்றில் இரண்டு சரியென்றால் மூன்றாவது எப்படித் தப்பும்?

முடிவு இ: மூன்றும் தப்பு.

உண்மையில் நடந்தது இது. மார்ச்சில் ரூபி போன் செய்தாள். "அம்மா, ரிசல்ட் வந்துருச்சு."

"சொல்லாத! மொதல்ல நான் ஒண்ணு சொல்லிர்றேன்." மூன்று மாதம் நெஞ்சில் கிடந்தது ஒரே மூச்சில் வந்தது. "சிவப்புத் துண்டுக் கல்லு எனக்கு நெசமாவே தெரியும். மத்த ரெண்டும்... உன் வாடுன மூஞ்சியப் பாத்துக் குத்துமதிப்பாச் சொன்னதுடி."



"சரிம்மா," என்றாள் ரூபி. "இதையும் நோட்டுல எழுதிர்றேன்."

எழுதினாள். அதற்குப் பிறகுதான் முடிவைச் சொன்னாள். எதிர் பெஞ்சு அம்மாள் அதையும் சொன்னார், நான் கேட்டேன். உங்களிடம் சொல்வதாக இல்லை. சிவப்புத் துண்டுக் கல் சரியென்பதால், முடிவு இ நடக்க வழியில்லை என்பது மட்டும் இப்போது உங்களுக்கே தெரியும். மிச்சம் இரண்டு கல்; இரண்டும் சரி, இல்லையென்றால் இரண்டும் இடம் மாறியவை, பாதிக்குப் பாதி. எண்ணை நீங்கள் போடுங்கள். போட்டுவிட்டு, தெரிந்து போட்டீர்களா, நினைத்துப் போட்டீர்களா என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.